கிளெப் தேர்வு ஈசியா, கஷ்டமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் உட்காராமல், கிளெப் என்ற ஒன்றரை மணி நேரத் தேர்வை எழுதியே கல்லூரி கிரெடிட் (டிகிரிக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) வாங்கலாம். இது தெரிந்தவுடன் எல்லோரும் கேட்பது, "எந்தத் தேர்வு ஈசி?" என்றுதான். நம்மவர்களில் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை: ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், கணவன் அல்லது மனைவியின் வேலைக்காக இங்கே வந்து புதிதாக ஒரு டிகிரி தொடங்குபவர்கள், பாதியில் நின்ற படிப்பை வேலை பார்த்துக்கொண்டே முடிக்க நினைப்பவர்கள். கேள்வி ஒன்றுதான், பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஏன் மாறுகிறது, உங்களுக்கான பதிலை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், கிளெப் என்றால் என்ன?

காலேஜ் போர்டு 1967 முதல் நடத்திவரும் தேர்வுத் திட்டம். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி, ஹைஸ்கூலிலேயே கல்லூரி அளவிலான பாடம் படித்து எழுதும் ஏபி ஆகிய தேர்வுகளை நடத்தும் அதே அமைப்புதான். இப்போது 34 பாடங்களில் தேர்வு உண்டு: கணிதம், அறிவியல், வரலாறு, சமூக அறிவியல், இலக்கியம், வணிகம், மூன்று ஐரோப்பிய மொழிகள். பெரும்பாலானவை 90 நிமிடம், எல்லாமே கணினியில். வருடத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் தேர்வு மையத்தில் நேரம் வாங்கி எழுதலாம். வயது வரம்போ முன்தகுதியோ இல்லை. சுமார் 2,900 கல்லூரிகள் ஏதோ ஒரு வகையில் இதற்குக் கிரெடிட் தருகின்றன. 'ஏதோ ஒரு வகையில்' என்று ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

ஈசியிலிருந்து கஷ்டம் வரை வரிசைப்படுத்திய பட்டியல்கள் நிறைய இருக்கின்றனவே. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன?

பார்க்கலாம், ஆனால் அந்தப் பட்டியல் யாருடைய அனுபவத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அமெரிக்காவிலேயே பிறந்து, ஆங்கிலத்திலேயே வளர்ந்து, இங்குள்ள பள்ளியில் படித்தவர்கள் எழுதியவை அவை.

ஓர் உதாரணம் சொன்னால் போதும். பல பட்டியல்களில் 'படிக்காமலே பாஸ் செய்யலாம்' என்ற அடைமொழியோடு உச்சியில் இருப்பது 'அனலைசிங் அண்ட் இன்டர்பிரட்டிங் லிட்டரேச்சர்' என்ற தேர்வு. ஒரு கவிதையோ உரைநடைப் பகுதியோ கொடுத்து, அதிலிருந்தே கேள்வி கேட்பார்கள். மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை, 98 நிமிடத்தில் 80 கேள்விகள். சிறு வயதிலிருந்து ஆங்கில நாவல் படித்து வளர்ந்த பெண்ணுக்கு இது உண்மையிலேயே எளிது. மதுரையில் தமிழ் வழியில் படித்து, இன்ஜினியரிங் முடித்து, முப்பது வயதில் இங்கே வந்தவருக்கு, நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலக் கவிதையின் தொனி கிண்டலா வருத்தமா என்று ஒரு நிமிடத்தில் முடிவு செய்வது, கிளெப்பிலேயே மிகக் கடினமான வேலையாக இருக்கலாம். அதே பட்டியலில் அடியில், 'தொடவே தொடாதீர்கள்' என்ற எச்சரிக்கையோடு கால்குலஸ் இருக்கும். அதை அவர் சில வாரத் தயாரிப்பில் எழுதிவிடுவார்.

கஷ்டம் என்பது தேர்வுத்தாளில் மட்டும் இருக்கும் குணம் இல்லை. கேட்கப்படுவதற்கும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் கஷ்டம். பட்டியலுக்கு அந்தத் தூரம் தெரியாது.

பாஸ் சதவீதம் நம்பகமான அளவுகோல் இல்லையா? எண் பொய் சொல்லாதே?

எண் பொய் சொல்லாது, ஆனால் யாரைப் பற்றிய எண் என்பதையும் அது சொல்லாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

ஏபி தேர்வுகளுக்குக் காலேஜ் போர்டு ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் பரவலை வெளியிடுகிறது. அதில் கால்குலஸ் பிசி என்ற மேல்மட்டக் கணிதத் தேர்வைப் பாருங்கள். எழுதுபவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரோ அதற்கும் மேலோ 1 முதல் 5 வரையான மதிப்பெண்ணில், தேர்ச்சியாகக் கருதப்படும் 3-க்குக் குறையாமல் வாங்குகிறார்கள். ஃபிசிக்ஸ் 1 தேர்வில் 2021 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் பாதிப் பேர்கூட 3-ஐத் தொடவில்லை. இதை வைத்து, கால்குலஸ் பிசி ஃபிசிக்ஸ் 1-ஐவிட எளிது என்று சொல்ல முடியுமா? கால்குலஸ் பிசி வரைக்கும் வரும் பிள்ளைகள் பல வருடங்களாகக் கணக்கில் முன்வரிசையில் இருந்தவர்கள். வழியிலேயே வடிகட்டப்பட்டுத்தான் அங்கே வந்து சேர்கிறார்கள். ஃபிசிக்ஸ் 1 இயற்பியலை முதன்முதலாகத் தொடும் பிள்ளைகளும் எழுதுவது.

மொழித் தேர்வுகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஏபி சீன மொழித் தேர்வில் 5 வாங்குபவர்கள் ஏராளம், ஏனென்றால் எழுதுபவர்களில் பெரும் பகுதியினர் வீட்டில் சீன மொழி பேசுபவர்கள். காலேஜ் போர்டே இதை உணர்ந்து, வீட்டிலோ வெளிநாட்டிலோ அந்த மொழியைக் கற்காத மாணவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. கிளெப் ஸ்பானிஷ் தேர்வுக்கும் இதே கதைதான். அதன் பாஸ் சதவீதம் உயர்வாக இருப்பதைப் பார்த்து, ஹைஸ்கூலில் இரண்டு வருடம் ஸ்பானிஷ் படித்த பிள்ளையை அனுப்பிவைத்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும்.

கிளெப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இணையத்தில் சுற்றும் பாஸ் விகிதங்களில் பல, அமெரிக்க ராணுவத்தினர் எழுதிய தேர்வுகளிலிருந்து எடுத்தவை. தகுதியுள்ள ராணுவத்தினருக்கு முதல் முறை எழுதும் கட்டணத்தை டான்டெஸ் என்ற ராணுவக் கல்வி அமைப்பு ஏற்றுக்கொள்கிறது. கட்டணம் இல்லாததால் தயாரிப்பே இல்லாமல் முயன்று பார்ப்பவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். ஆறு வாரம் உட்கார்ந்து படித்த உங்கள் மகளின் வாய்ப்பை அந்த எண் காட்டாது.

50 எடுத்தால் பாஸ் என்கிறார்கள். அப்படியானால் பாதிக் கேள்வி சரியாகப் போட்டால் போதுமா?

இல்லை. கிளெப் மதிப்பெண் 20-இல் தொடங்கி 80-இல் முடிகிறது. அது சதவீதம் இல்லை. எத்தனை கேள்வி சரி என்பதைக் கணக்கிட்டு, அந்த எண்ணை இந்த அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். ஒரு கேள்வித்தாள் இன்னொன்றைவிடச் சற்றுக் கடினமாக அமைந்துவிட்டால் அந்த வித்தியாசத்தையும் மாற்றும்போதே சரிசெய்துவிடுகிறார்கள். அதனால் 'எனக்கு மட்டும் கஷ்டமான தாள் வந்துவிட்டது' என்ற கவலை தேவையில்லை.

50 என்ற கோட்டை எங்கே போடுவது என்பதை அந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்தும் பேராசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அவர்கள் மனதில் வைத்திருப்பது, அதே வகுப்பில் 'சி' கிரேடு வாங்கும் மாணவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்பது. பெரும்பாலான பாடங்களுக்கு அமெரிக்கக் கல்விக் கவுன்சில் பரிந்துரைப்பதும் 50-தான். முதல் மதிப்பெண் வாங்கும் பழக்கத்தோடு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே யாரும் நூற்றுக்கு நூறு கேட்கவில்லை. அந்த வகுப்பில் சுமாராகத் தேறிய ஒருவனுக்குத் தெரிந்த அளவு உனக்குத் தெரிந்தால் போதும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் கிடையாது. தெரியாத கேள்வியையும் காலியாக விடாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகருங்கள்.

சரி, பட்டியலும் வேண்டாம், பாஸ் சதவீதமும் வேண்டாம். எதை வைத்துத்தான் அளப்பது?

நான் முதலில் பார்ப்பது பாடத்தின் எல்லை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை. காலேஜ் போர்டு ஒவ்வொரு தேர்வுக்கும் எந்தப் பகுதியிலிருந்து எத்தனை சதவீதம் கேள்வி வரும் என்று இலவசமாக வெளியிட்டிருக்கிறது. கால்குலஸ் தேர்வுக்கு அது மூன்றே வரி: எல்லை மதிப்பு 10, வகைநுண்கணிதம் 50, தொகைநுண்கணிதம் 40. கடினமான பாடம்தான், ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரிகிறது. படித்து முடித்தால் முடிந்தது.

ஹ்யுமானிட்டீஸ் தேர்வை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதி இலக்கியம், மீதி ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, இசை, நாடகம், சினிமா. கிரேக்க நாடகத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு ஓவியம் வரைக்கும் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். ஒவ்வொரு கேள்வியும் மேலோட்டமானதுதான். ஆனால் எதைப் படித்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் அருங்காட்சியகம், கச்சேரி, புத்தகம் என்று பழகியவர் சிரிப்போடு எழுதிவிட்டு வருவார். மூன்று வாரத்தில் அந்தப் பழக்கத்தை உருவாக்க முடியாது. ஆழமான பாடத்தைவிட எல்லை தெரியாத பாடம்தான் தானாகப் படிப்பவரை அதிகம் வாட்டும் என்பது என் கருத்து.

அடுத்து, பாடம் படிப்படியாக ஏறுகிறதா என்று பாருங்கள். நிதிக் கணக்கியல், வேதியியல், ப்ரீகால்குலஸ் ஆகியவற்றில் மூன்றாம் பாடம் புரியாமல் நான்காம் பாடம் புரியாது. பற்று வரவு எப்படி எழுதுவது என்பதில் குழப்பம் இருந்தால் இருப்புநிலைக் குறிப்பு வரைக்கும் அந்தக் குழப்பம் கூடவே வரும். அறிமுக உளவியல், சமூகவியல், மார்க்கெட்டிங், மேலாண்மை போன்றவை அப்படி இல்லை. ஒரு பகுதியை விட்டுவிட்டால் அந்தப் பகுதிக்கான மதிப்பெண் மட்டும்தான் போகும். இவற்றில் பெரும்பகுதி கலைச்சொற்கள். சொல்லும் அதன் பொருளும் அதற்கு ஓர் உதாரணமும் தெரிந்திருந்தால் பாதிக்கு மேல் கடந்துவிடலாம். முதல் தேர்வாக இப்படிப்பட்ட ஒன்றை எடுப்பது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி அது வளைந்துகொடுக்கும்.

மூன்றாவது விஷயத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை: நேரம். ஹ்யுமானிட்டீஸ் தேர்வில் 90 நிமிடத்துக்குச் சுமார் 140 கேள்விகள். ஒரு கேள்விக்கு 40 விநாடிகூட இல்லை. உயிரியலில் 115 கேள்விகள், அதாவது ஏறக்குறைய 47 விநாடி. கால்குலஸில் 44 கேள்விகள்தான், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். பாடம் தெரிந்தும் ஆங்கிலத்தில் நிதானமாகப் படிப்பவருக்கு முதல் இரண்டும் கூடுதல் கடினம், மூன்றாவது அப்படி இல்லை. எந்தப் பாஸ் சதவீதமும் இதை உங்களுக்குக் காட்டித்தராது.

இந்தியாவில் பிளஸ் டூ, டிகிரி முடித்தவர்களுக்கு எவை நெருக்கம்?

முதலில் ஒன்று. உங்கள் இந்திய டிகிரியை வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் அமைப்பு ஒன்றில் மதிப்பீடு செய்து, சேரப்போகும் கல்லூரி எத்தனை கிரெடிட்டை ஏற்றுக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கேயே கிடைத்துவிட்ட கிரெடிட்டுக்குத் தேர்வு எழுதுவதில் பயனில்லை.

அதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால், கணிதம்தான் நம் பலம். பிளஸ் டூவில் கணக்கு எடுத்தவருக்கு காலேஜ் அல்ஜீப்ரா, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் மூன்றும் மறுபார்வைதான். கால்குலஸ் தேர்வில் முதல் 27 கேள்விகளுக்குக் கால்குலேட்டர் கிடையாது. நமக்கு அது பழகிய விஷயம். அடுத்த 17 கேள்விகளுக்குத் திரையிலேயே கிராஃபிங் கால்குலேட்டர் தருவார்கள். அதைத் தொட்டே பழகாதவர்கள் முன்கூட்டியே சில நாள் பழகிக்கொள்ளுங்கள். காலேஜ் மேத்தமேடிக்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூட்டு வட்டி போன்ற நிதிக் கணக்கு, கணங்கள், தர்க்கம், நிகழ்தகவு, அடிப்படைப் புள்ளியியல் ஆகியவை கலந்தது. கலைப் பிரிவு மாணவர்களை மனதில் வைத்து அமைத்த தேர்வு. இன்ஜினியரிங் படித்தவர்கள் இயற்பியலைத் தேடுவார்கள், கிளெப்பில் இயற்பியல் தேர்வு கிடையாது.

பி.காம் படித்தவருக்கு நிதிக் கணக்கியல் நெருக்கமானது. பொருளாதாரம் படித்தவருக்கு மேக்ரோ, மைக்ரோ இரண்டும் அப்படியே. ஐடி வேலையில் இருப்பவருக்கு இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பெரும்பாலும் அன்றாடச் சொற்கள்.

தூரமாக இருப்பவை அமெரிக்க வரலாறும் அமெரிக்க அரசாங்கமும். இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து காதில் கேட்டு வளர்ந்ததை நீங்கள் புதிதாகக் கற்க வேண்டும். ஆனாலும் இவற்றை நான் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். எல்லை தெரிந்த பாடங்கள் இவை. அமெரிக்க வரலாறு முதல் தேர்வு 1877-இல் முடிகிறது, அதில் 70 சதவீதம் 1790-க்குப் பிந்தையது. குடியேற்றக் காலத்தில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்காமல், 1790 முதல் உள்நாட்டுப் போரும் அதன் பின்னான மறுசீரமைப்பும் வரைக்கும் நேரத்தைக் கொடுக்கலாம் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அரசாங்கப் பாடத்தில் சிறு தொடக்கம் கிடைத்திருக்கும். ஆனால் கிளெப் அதைவிட வெகு தூரம் போகும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், காங்கிரஸ் எனப்படும் இங்குள்ள நாடாளுமன்றத்தின் நடைமுறை, வாக்காளர் நடத்தை எல்லாம் வரும்.

இங்கேயே ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளைக்கு?

பள்ளியில் ஒரு பாடத்தை நன்றாக முடித்த கையோடு எழுதுவதுதான் சிறந்த வழி. ஏபி அமெரிக்க வரலாறு வகுப்பில் இருக்கும் பிள்ளை, மே மாதத் தேர்வு முடிந்த சில வாரத்தில் கிளெப் வரலாற்றை எழுதினால், அவனுக்கு இருக்கும் தூரம் மிகக் குறைவு. அதே பாடத்தை இரண்டு வருடம் கழித்து எழுதினால் பாதி மறந்திருக்கும்.

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை வரிசையாகத் தேர்வு எழுத வைக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மேலாண்மை, நிதி போன்ற பாடங்கள் சொல்லளவில் எளிது என்றாலும், வேலை இடத்தைப் பார்த்திராத பிள்ளைக்கு அந்தச் சூழல் கேள்விகள் வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். பெரியவர்களுக்கு எளிதாக இருப்பது குழந்தைக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

உயிரியலையும் வேதியியலையும் பார்த்து எல்லோரும் பயப்படுவது நியாயமா?

நியாயம்தான். வழக்கமாக இவை ஒரு வருடப் பாடம், இரண்டு செமஸ்டருக்கான 6 கிரெடிட். அந்த முழு வருடத்தையும் 90 நிமிடத்தில் அளக்கிறார்கள். உயிரியலில் செல்லும் மூலக்கூறும் ஒரு மூன்றில் ஒரு பங்கு, தாவர விலங்கு உடலமைப்பு இன்னொரு பங்கு, பரிணாமமும் சூழலியலும் மற்றொன்று. மருத்துவக் கனவோடு நம் ஊரில் படித்தவர்களுக்கு முதல் இரண்டும் தெரிந்திருக்கும், மூன்றாவது பெரும்பாலும் இடறும். வேதியியலில் 75 கேள்விகள். தனிம வரிசை அட்டவணையும் அறிவியல் கால்குலேட்டரும் திரையில் இருக்கும். கணக்குப் போடும் வேகம் இல்லாவிட்டால் கருத்து தெரிந்தும் நேரம் போதாது.

உயிரியலும் வேதியியலும் லேசாக வரும் நேச்சுரல் சயின்சஸ் தேர்வு, அறிவியல் துறைக்குப் போகாதவர்களுக்கானது. பத்தாம் வகுப்பு அறிவியல் நினைவில் இருப்பவருக்கு இது நடுத்தரம்.

ஒன்றை மறக்க வேண்டாம். நர்சிங், மருத்துவம் பக்கம் போகிறவர்களுக்கு ஆய்வகத்தோடு சேர்ந்த வகுப்பு தேவைப்படும். மருத்துவக் கல்லூரிகள் பல, முன்தகுதிப் பாடங்களுக்குக் கிளெப் கிரெடிட்டை ஏற்பதில்லை. பாஸ் செய்தும் பயன்படாத தேர்வுக்கு இரண்டு மாதம் உழைக்க வேண்டாம்.

கட்டுரை எழுதும் தேர்வு எப்படி?

காலேஜ் காம்போசிஷன் தேர்வில் சுமார் 50 தேர்ந்தெடுக்கும் கேள்விகளும் இரண்டு கட்டுரைகளும் உண்டு. முதல் கட்டுரை உங்கள் கருத்து, 30 நிமிடம். இரண்டாவதில் இரண்டு பகுதிகளைக் கொடுத்து, அவற்றை மேற்கோள் காட்டி வாதம் அமைக்கச் சொல்வார்கள், 40 நிமிடம். கட்டுரைகளை ஆசிரியர்கள் படித்துத் திருத்துவதால் மதிப்பெண் அன்றே வராது. இதன் கஷ்டத்தை மாதிரிக் கேள்விகளை வைத்து அளக்க முடியாது. 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதி, கல்லூரி ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். அந்த ஒரு கருத்து பத்துப் பட்டியலைவிட உதவும்.

எனக்கு எவ்வளவு தூரம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு முழு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதுங்கள். காலேஜ் போர்டு விற்கும் வழிகாட்டியில் இருக்கும் கேள்விகள் உண்மைத் தேர்வுக்கு மிக நெருங்கியவை. விலையும் குறைவு. தனியார் மாதிரித் தேர்வுகளில் சில வேண்டுமென்றே கடினமாக இருக்கும், சில பழைய பாடத்திட்டத்தில் நின்றுவிட்டவை.

எழுதி முடித்தபின் மொத்த மதிப்பெண்ணைவிட, தவறுகளின் வகையைப் பாருங்கள். 'படித்திருக்கிறேன், மறந்துவிட்டது' என்பவை அதிகம் என்றால் மூன்று நான்கு வாரம் போதும். 'இந்தச் சொல்லையே கேள்விப்பட்டதில்லை' என்பவை அதிகம் என்றால் அது புதிய பாடம், ஒரு செமஸ்டர் வகுப்புக்கு ஆகும் உழைப்பில் பெரும்பகுதி தேவைப்படும். 'தெரியும், ஆனால் நேரம் போதவில்லை' என்றால் படிப்பைக் குறைத்து வேகப் பயிற்சியைக் கூட்டுங்கள். இரண்டு வெவ்வேறு மாதிரித் தேர்வுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சரியாக வரும்வரை தேதி வாங்க வேண்டாம் என்பது நான் சொல்லும் வழக்கம். இது அதிகாரபூர்வமான கோடு இல்லை, பதற்றத்துக்கும் சேர்த்து வைக்கும் இடைவெளி.

டிஎஸ்எஸ்டி தேர்வுகள் கிளெப்பைவிடக் கஷ்டமா?

டிஎஸ்எஸ்டி, கிளெப் போலவே கல்லூரி கிரெடிட்டுக்கான இன்னொரு தேர்வுத் திட்டம். ராணுவத்தினருக்காகத் தொடங்கி இப்போது யாரும் எழுதக்கூடியதாக இருக்கிறது, நடத்துவது ப்ரோமெட்ரிக் நிறுவனம். இரண்டு மணி நேரம், சுமார் 100 கேள்விகள், 400 எடுத்தால் பாஸ். கிளெப் எல்லாமே முதல் இரண்டு வருடப் பாடங்கள். டிஎஸ்எஸ்டியில் சில பாடங்களுக்கு மேல்நிலைக் கிரெடிட் (அதாவது மூன்றாம், நான்காம் வருடப் பாட அளவு) பரிந்துரைக்கப்படுகிறது. அதனால் எல்லாமே கடினம் என்று நினைக்க வேண்டாம், தனிநபர் நிதி போன்றவை இயல்பானவை. உலக மதங்கள் தேர்வு நம்மவர்களை ஈர்க்கும். இந்து, பௌத்த, இஸ்லாமிய, கிறித்தவ மரபுகள் நமக்கு அக்கம்பக்கத்தில் பழகியவைதாம். ஆனால் பழக்கம் வேறு, பாடம் வேறு. தாவோ, யூத, பூர்வகுடி மரபுகளும் அதில் உண்டு.

ஏபியா, கிளெப்பா?

பெரிய பெயருள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் குறியாக இருந்தால் ஏபி. அவற்றில் பல கிளெப்பை ஏற்பதே இல்லை. மாநிலக் கல்லூரி, கம்யூனிட்டி காலேஜ், வேலையோடு படிக்கும் டிகிரி என்றால் கிளெப் போதும். ஏபி வருடத்துக்கு ஒரு முறை, மே மாதத்தில். அன்று காய்ச்சல் வந்தால் சிரமம். கிளெப் தேதி உங்கள் கையில். கஷ்டத்தைப் பொறுத்தவரை, ஏபியில் விரிவான எழுத்துக் கேள்விகள் உண்டு, கிளெப்பில் பெரும்பாலும் இல்லை. வருடம் முழுக்க ஆசிரியர் கூடவே இருப்பது ஏபியின் பெரிய பலம்.

எல்லாக் கல்லூரியிலும் ஒரே மதிப்பெண்தானா?

இல்லை, கஷ்டத்தின் மறுபாதி இங்கேதான் இருக்கிறது. பரிந்துரை 50 என்றாலும் கல்லூரி தன் விருப்பப்படி 55, 60 என்று வைக்கலாம். சில பாடங்களுக்குத் தனிக் கட்டுரை கேட்கலாம். டிகிரிக்கு இத்தனை கிரெடிட்தான் தேர்வு மூலம் என்று உச்சவரம்பு இருக்கும். மொழிகளில் ஒரே தேர்வுக்கு இரண்டு கோடுகள்: ஸ்பானிஷில் 50-க்கு முதல் நிலை, 63-க்கு இரண்டாம் நிலை, பிரெஞ்சில் அது 59, ஜெர்மனில் 60. புளோரிடாவில் அரசுக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே பட்டியல் இருப்பதால் அங்கே குழப்பம் குறைவு. மற்ற இடங்களில் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை மதிப்பெண் வேண்டும்? அந்தக் கிரெடிட் என் மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) உதவுமா, இல்லை வெறும் விருப்பப் பாடமாகக் கிடக்குமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

தோற்றுவிட்டால்?

அதே தேர்வை மூன்று மாதம் கழித்து மீண்டும் எழுதலாம். டிஎஸ்எஸ்டிக்கு 30 நாள். ஜிபிஏ (கல்லூரி கிரேடுகளின் சராசரி) தொடப்படாது. வகுப்பில் சேர்ந்து 'எஃப்' வாங்குவதோடு ஒப்பிட்டால் இங்கே இழப்பு மிகச் சிறியது. கட்டணம் 100 டாலருக்குச் சற்றுக் குறைவு, மையத்தின் கட்டணம் தனி. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் இலவச வகுப்பு நடத்தி, முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டண வவுச்சரும் தருகிறது. அந்த வகுப்பை முடித்ததையே தயார்நிலை என்று எடுத்துக்கொள்ளாமல், மேலே சொன்ன மாதிரித் தேர்வையும் எழுதிப் பாருங்கள்.

தமிழுக்கு கிளெப் உண்டா?

இல்லை. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மட்டும்தான். தமிழ்ப் பேச்சுத் திறனை அளக்க ஆக்ட்ஃபுல் அமைப்பின் வாய்மொழித் தேர்வு இருக்கிறது. சில கல்லூரிகள் அதற்குக் கிரெடிட் தருகின்றன, சில மொழி நிபந்தனையிலிருந்து விலக்கு மட்டும் தருகின்றன. பதிவு செய்வதற்கு முன் உங்கள் கல்லூரியின் மொழித் துறையிடமே கேட்டுவிடுங்கள்.